ஸ்பினோசா: விருப்பச் சுதந்திர மறுப்பும் சிந்தனைச் சுதந்திரமும்

பெனடிக்ட் ஸ்பினோசா (24 நவம்பர் 1632 – 21 பெப்ரவரி 1677) நெதர்லாந்தில் பிறந்து அங்கேயே வாழ்ந்து மறைந்த மெய்யியலாளர். டேக்கார்ட், லைப்னிட்ஸ் ஆகியோருடன் சேர்த்து நவீன காலத் தொடக்கத்தின் மூன்று பெரும் பகுத்தறிவுவாதிகளுள் ஒருவராக எண்ணப்படுபவர். இங்கே பகுத்தறிவுவாதம் என்பது, புலனனுபவத்தைவிடப் பகுத்தறிவையே அறிவின் முதன்மை ஊற்றாகக் கொள்ளும் அறிவுக்கோட்பாட்டைக் குறிக்கும். சமய மறுப்பைக் குறிக்கும் இன்றைய தமிழ் வழக்கு வேறு.

ஸ்பினோசாவின் பெயரை நிலைநிறுத்திய நூல்கள் இரண்டு. 'அறவியல்' என்ற நூலில், மனித விருப்பத்துக்குச் சுதந்திரம் கிடையாது. மனத்தில் தோன்றும் ஒவ்வொன்றும் முந்தைய காரணங்களால் தீர்மானிக்கப்பட்டதே என்கிறார். 'இறையியல்–அரசியல் ஆய்வுரை' என்ற நூலிலோ, ஒவ்வொருவரும் தம் அறிவுக்குப் பட்டதை எண்ணவும், எண்ணியதை வெளியில் சொல்லவும் அரசு இடம்தர வேண்டும் என்று வாதிடுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. விருப்பத்துக்கே சுதந்திரம் இல்லையென்றால், யாருக்காக, எதற்காக இந்தச் சுதந்திரம்?

மெய்யியல் அறிமுக நூல்கள் பலவும் முதல் நூலை 'மெய்ப்பொருளியல்' என்ற தலைப்பிலும் இரண்டாவதை 'அரசியல்' என்ற தலைப்பிலும் வைத்து, இந்த ஐயம் எழாமலே பார்த்துக்கொள்கின்றன. அது ஸ்பினோசாவுக்கு நியாயம் செய்வதாகாது. அவருடைய சுதந்திர வாதம் விருப்பச் சுதந்திர மறுப்பின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. அதன் வலிமையும் அங்கிருந்தே வருகிறது. அதன் ஓட்டையும் அங்கேதான் இருக்கிறது.

வாழ்க்கை

போர்ச்சுகலில் இருந்து சமய ஒடுக்குமுறைக்கு அஞ்சி வெளியேறிய யூதர்களின் வழித்தோன்றல்கள் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சமூகமாக வாழ்ந்துவந்தனர். ஸ்பினோசா அச்சமூகத்தில், மிக்கேல் என்ற வணிகரின் மகனாகப் பிறந்தார். எபிரேயத்தில் பாருக், வீட்டில் பென்டோ, பின்னாளில் லத்தீனில் பெனடிக்டஸ். மூன்று பெயருக்கும் பொருள் 'ஆசி பெற்றவர்' என்பதே. 1654-இல் தந்தை இறந்தபின் தம்பி கபிரியேலுடன் சேர்ந்து குடும்ப வணிகத்தை நடத்தினார். தந்தை விட்டுச்சென்ற கடன்சுமையிலிருந்து மீள, 1656 மார்ச்சில், டச்சுச் சட்டப்படி தாம் இன்னும் வயது நிரம்பாத அநாதை என்று அறிவிக்கச் செய்து பாதுகாப்புப் பெற்றார். உலக நடப்பு அறியாத துறவி என்று அவரை வருணிப்பவர்கள் இந்தச் செய்தியைச் சேர்ப்பதில்லை.

அதே ஆண்டு ஜூலை 27 அன்று, 23 வயதில், யூதச் சமூகத்திலிருந்து விலக்கிவைக்கப்பட்டார். யாரும் அவருடன் பேசக்கூடாது, எழுத்துத் தொடர்பு கொள்ளக்கூடாது, நான்கு முழத் தொலைவுக்குள் நெருங்கக்கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக்கூடாது என்றது அந்த ஆணை. அக்காலத்தில் அச்சமூகத்தில் விலக்கு ஆணைகள் அரிதானவை அல்ல. ஆயினும் இவ்வளவு கடுமையான சொற்கள் அரிது. தீய கருத்துகள், தீய செயல்கள் என்று ஆணை பொதுவாகச் சொல்கிறதே தவிர, அவை எவை என்று விளக்கவில்லை. அதற்கு முந்தைய ஸ்பினோசாவின் எழுத்து எதுவும் கிடைக்கவும் இல்லை.

அதன்பின் லைடன் நகருக்கு அருகிலுள்ள ரைன்ஸ்பர்க், பிறகு வோர்பர்க், கடைசியாகத் தி ஹேக் என இடம்மாறி வாழ்ந்தார். கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துச் செய்தார். இதை வறுமையில் செய்த கூலிவேலையாகச் சித்திரிப்பது வழக்கம். ஆனால் வில்லை செய்வது அன்றைய அறிவியலின் முன்னணித் தொழில்நுட்பம். கிறிஸ்டியான் ஹைகன்ஸ் போன்ற முதல்தர அறிவியலாளரே ஸ்பினோசாவின் வில்லைகளை மெச்சியிருக்கிறார். நண்பர்கள் சூழ இருந்தார், கடிதங்கள் எழுதினார், அரசியல் நிகழ்வுகளைக் கூர்ந்து கவனித்தார். 1672 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர்களான தெ விட் சகோதரர்களைத் தி ஹேக்கில் ஒரு கும்பல் அடித்துக் கொன்றபோது, கண்டன அட்டை எழுதிக்கொண்டு அவ்விடத்துக்குப் போக முற்பட்டார் என்றும், வீட்டுக்காரர் கதவைப் பூட்டித் தடுத்துவிட்டார் என்றும் ஸ்பினோசாவே சொன்னதாக லைப்னிட்ஸ் குறித்துவைத்திருக்கிறார்.

கல் நினைக்குமானால்

'அறவியல்' யூக்ளிடின் வடிவியல் நூலைப் போன்ற அமைப்புடையது. வரையறைகள், அடிக்கோள்கள், தேற்றங்கள், நிறுவல்கள், கிளைத்தேற்றங்கள் என்று செல்லும். பள்ளியில் வடிவியலைக் கண்டு ஓடியவர்கள் இந்நூலின் முதல் பத்துப் பக்கங்களில் மூடிவைத்துவிடுவதுண்டு. அவர்கள் தேற்றங்களுக்கு இடையே வரும் விளக்கக் குறிப்புகளையும், முதல் பாகத்தின் பின்னிணைப்பையும் முதலில் படிக்கலாம். நூலாசிரியரின் உண்மையான குரல் அங்கேதான் கேட்கிறது.

நூலின் சாரம் இது: இருப்பது ஒரே பொருள். அதைக் கடவுள் என்றும் சொல்லலாம், இயற்கை என்றும் சொல்லலாம். மற்ற அனைத்தும் அந்த ஒன்றின் வடிவங்கள். எதுவும் அதற்கு வெளியே நின்று தானாகத் தொடங்குவதில்லை. மனிதனும் இயற்கையின் ஒரு பகுதியே. அரசுக்குள் தனியரசு போல அவன் விதிவிலக்குப் பெற்றவன் அல்லன்.

1674-இல் ஷூலர் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஸ்பினோசா ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். எறியப்பட்ட கல் ஒன்று பறந்துகொண்டிருக்கிறது. நடுவழியில் அதற்கு நினைவு வந்தால், தன் முயற்சியை மட்டும் அது உணரும். எறிந்த கையை உணராது. ஆகவே 'நானாக விரும்பிப் பறக்கிறேன்' என்றே எண்ணிக்கொள்ளும். மனிதர் பெருமை பேசும் விருப்பச் சுதந்திரமும் இவ்வகையானதே என்கிறார். தம் ஆசைகளை மனிதர் அறிகிறார்கள். அந்த ஆசைகளை உண்டாக்கிய காரணங்களை அறிவதில்லை.

இதை ஊழ் என்று புரிந்துகொள்வது தவறு. ஊழ் என்னும்போது, என்ன முயன்றாலும் வருவது வரும் என்ற பொருளே நமக்கு முன்வருகிறது. ஸ்பினோசாவிடம் முயற்சியும் காரணச் சங்கிலியில் ஒரு கண்ணி. முயற்சி மாறினால் விளைவும் மாறும். ஒவ்வொரு பொருளும் தன் இருப்பைத் தக்கவைக்க முனைகிறது. அந்த முனைப்பே அதன் சாரம் என்பது அவருடைய கொள்கை. எனவே அவர் சுதந்திரம் என்ற சொல்லையே தூக்கி எறியவில்லை. அதன் பொருளை மாற்றுகிறார். காரணமே இல்லாமல் நடப்பது சுதந்திரம் ஆகாது. தன் இயல்பிலிருந்து எழும் காரணத்தால் நடப்பதே சுதந்திரம். புறக்காரணங்களால் தள்ளப்பட்டு நடப்பது அடிமைத்தனம். இந்தப் பொருளில் மனிதர் முழுச் சுதந்திரம் பெறுவது இயலாது. தம்மை ஆட்டுவிக்கும் காரணங்களை எந்த அளவுக்குப் புரிந்துகொள்கிறாரோ அந்த அளவுக்குச் சுதந்திரம் கூடும்.

நம்பிக்கை ஆணைக்கு அடங்குமா

இங்கேதான் டேக்கார்டுடன் அவருக்குள்ள வேறுபாடு அரசியல் பொருள் பெறுகிறது. டேக்கார்டின் கருத்தில், அறிவு ஒரு கருத்தைக் காட்டுகிறது. அதை ஏற்பதும் மறுப்பதும் விருப்பத்தின் செயல். தெளிவில்லாததை அவசரப்பட்டு ஏற்பதால் பிழை நேர்கிறது. அதாவது பிழையான நம்பிக்கை என்பது, ஒருவர் தம் சுதந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதன் விளைவு. டேக்கார்ட் இதைச் சமயத் தண்டனைக்கு ஆதரவாகச் சொல்லவில்லை. ஆனால் தண்டிக்க விரும்பும் எவருக்கும் இது வசதியான கொள்கை. தவறாக நம்பியவன் சரியாக நம்பியிருக்க முடியும். நம்பாதது அவன் குற்றம். குற்றத்துக்குத் தண்டனை உண்டு.

'அறவியல்' இரண்டாம் பாகத்தின் இறுதியில் ஸ்பினோசா இந்தப் படிக்கட்டின் முதல் படியை உடைக்கிறார். கருத்து ஒருபுறமும் ஒப்புதல் இன்னொருபுறமுமாக மனத்தில் இல்லை. ஒரு முக்கோணத்தைப் புரிந்துகொள்வதும் அதன் கோணங்களின் கூடுதல் இரண்டு செங்கோணம் என்று ஒப்புவதும் ஒரே செயல். புரிந்த பிறகு 'ஒப்பமாட்டேன்' என்று தீர்மானிக்க முடியாது. புரியாதபோது 'ஒப்புகிறேன்' என்று தீர்மானிக்கவும் முடியாது. வாய் சொல்லும், மனம் அசையாது.

இதை அப்படியே 'இறையியல்–அரசியல் ஆய்வுரை'யின் 20-ஆம் அத்தியாயத்துக்குக் கொண்டுபோனால், அங்குள்ள வாதத்தின் அடித்தளம் தெரிகிறது. மனிதர் அரசிடம் பல உரிமைகளை ஒப்படைக்கலாம். தம் தீர்ப்பாற்றலை ஒப்படைக்க முடியாது, விரும்பினாலும் முடியாது. ஒருவர் தம் கையில் இல்லாததை எப்படிப் பிறர் கையில் கொடுப்பார்? இங்கே ஸ்பினோசா 'சிந்திக்கும் உரிமை புனிதமானது' என்று தொடங்கவில்லை. அவருடைய அரசியலில் உரிமை என்பது ஆற்றலின் அளவே. பெரிய மீன் சின்ன மீனைத் தின்பது இயற்கை உரிமை என்று அஞ்சாமல் எழுதியவர் அவர். அதே அளவுகோலை அரசின் மேல் திருப்புகிறார்: உன் ஆற்றல் எட்டாத இடத்தில் உனக்கு உரிமையும் இல்லை. முற்றுப்பெறாத 'அரசியல் ஆய்வுரை'யில் இதற்கு ஒரு வேடிக்கையான உவமை உண்டு. மேசையின் உடைமையாளர் அதை விருப்பம்போல் பயன்படுத்தலாம். அதற்காக மேசையைப் புல் தின்ன வைக்க முடியுமா?

முடியாததைச் செய்ய முயலும் அரசுக்கு என்ன நேரும் என்பதையும் அவர் விரிவாகச் சொல்கிறார். மக்கள் ஒன்றை எண்ணி வேறொன்றைப் பேசப் பழகுவார்கள். அரசு நிலைப்பதற்கு வேண்டிய நம்பகமே முதலில் அழியும், முகத்துதி பெருகும். கருத்துக்கு எதிரான சட்டம் தீயவரைத் தொடாது, ஏனெனில் அவர்கள் எதையும் சொல்லத் தயார். நேர்மையானவர்கள்தாம் அதில் மாட்டுவார்கள். நேர்மையால் தண்டனை பெற்றவர் வெட்கப்படமாட்டார். கொலைமேடையையே தம் பெருமைக்குரிய மேடையாக்கிக்கொள்வார். பகுத்தறிவுவாதி என்று பெயர்பெற்றவர், சட்டம் மனித உணர்ச்சிகள்மேல் எப்படிச் செயல்படுகிறது என்பதை இவ்வளவு நுட்பமாகப் பார்த்திருப்பது வியப்பளிக்கிறது.

வெறிநாய் கடித்தவன்

இதுவரை வாதம் உறுதியாகவே நிற்கிறது. ஆனால் ஸ்பினோசாவின் கடிதங்களுள் ஒன்று அதைச் சங்கடப்படுத்துகிறது. இலண்டனில் இருந்த ஓல்டன்பர்க், எல்லாம் காரணத்தால் விளைவதென்றால் தீயவர்களை மன்னிக்க வேண்டாமா என்று கேட்கிறார். 1676-இல் ஸ்பினோசா எழுதிய மறுமொழி கடுமையானது. வெறிநாய் கடித்து வெறிபிடித்தவன்மேல் குற்றமில்லை. ஆயினும் அவனைக் கொல்வது நியாயமே என்கிறார். குற்றம் இல்லாமை பாதுகாப்பாகாது. ஆபத்து இருந்தால் அடக்கலாம்.

அப்படியானால், 'நம்பிக்கை ஒருவர் விருப்பத்தில் இல்லை, ஆகவே தண்டிக்காதே' என்ற எளிய வாதம் ஸ்பினோசாவுக்குக் கிடையாது. ஒரு கருத்து வெறிநாய்க்கடி போல் பரவக்கூடியது என்று அரசு கருதினால், அதை உடையவரை அடக்க எது தடை? 20-ஆம் அத்தியாயமே இதற்கு இடம்கொடுக்கிறது. எண்ணமும் பேச்சும் சுதந்திரம், செயல் அரசுக்குக் கட்டுப்பட்டது என்று கோடு போடுகிறார். பிறகு, சில கருத்துகள் தம்மளவிலேயே கலகச் செயல் போன்றவை என்கிறார். வாக்கைக் காப்பாற்ற வேண்டியதில்லை, ஆட்சிக்கு அதிகாரமே இல்லை என்பன போன்ற கருத்துகள் அத்தகையவை. எது வெறும் கருத்து, எது கலகக் கருத்து என்று முடிவுசெய்பவர் யார்? அந்தக் கோட்டை வரைவது அரசின் கையிலேயே விடப்பட்டிருக்கிறது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அரசு மனத்துக்கு ஆணையிட முடியாது என்பது சரி. மனத்தை உருவாக்க முடியாதா? 'அறவியல்' சொல்வதுபோல் எண்ணங்கள் எல்லாம் காரணங்களால் விளைபவை என்றால், காரணங்களைக் கையில் வைத்திருப்பவர் எண்ணங்களையும் விளைவிக்கலாமே! ஸ்பினோசாவுக்கு இது தெரியும். அதே நூலின் 17-ஆம் அத்தியாயத்தில், ஆட்சியாளர் விரும்புவதை மக்கள் நம்பவும், அவர் வெறுப்பதை வெறுக்கவும் செய்யப் பல வழிகள் உண்டு என்று ஒப்புக்கொள்கிறார். பழைய எபிரேய அரசு உணவு, உடை, உழவு என்று அன்றாட வாழ்க்கை முழுவதையும் சடங்கால் கட்டி, கீழ்ப்படிதலையே மக்களுக்கு இயல்பாக்கியதையும் விளக்குகிறார். கல்லுக்கு நினைவு வந்ததும் 'நானே பறக்கிறேன்' என்று அது எண்ணும் என்றவர், எறிந்த கை அரசாங்கத்தின் கையாக இருக்கலாம் என்ற முடிவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார்.

அவர் தரும் மறுமொழி, நாக்குகள் எத்தனை வகையோ மனங்களும் அத்தனை வகை. எவ்வளவு முயன்றாலும் முழு ஒருமை வராது என்பது. இது உண்மைதான். ஆனால் ஒரு தலைமுறையைப் பெரும்பாலும் ஒரே திசையில் திருப்புவதற்கு முழு ஒருமை தேவையில்லை. ஜான் லாக்கின் சமயப் பொறை பற்றிய கடிதத்துக்கும் (1689) இதே சிக்கல் நேர்ந்தது. வன்முறையால் நம்பிக்கையை உண்டாக்க முடியாது என்று லாக் எழுதினார். மறு ஆண்டே ஜோனாஸ் புரோஸ்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், நேரடியாக முடியாதுதான், ஆனால் கேட்கவே மறுப்பவரைக் கேட்கவைக்க வன்முறை உதவும், கேட்டபின் நம்பிக்கை தானே வரும் என்று பதில் எழுதினார். லாக் அதன்பின் மூன்று நீண்ட மறுமொழிகளில் மல்லுக்கட்டினார். மூன்றாவது முடியாமலே நின்றது.

ஆகவே ஸ்பினோசாவின் வாதத்தில் எஞ்சி நிற்கும் வலுவான பகுதி, முடியாமை பற்றிய பகுதியைக் காட்டிலும் விலை பற்றிய பகுதியே. கருத்தை அடக்க அரசு கொடுக்கும் விலை எப்போதும் அதிகம். நேர்மையானவரைப் பகைவராக்கி, போலிகளை நண்பராக்கிக்கொள்ளும் அரசு தன் காலையே வெட்டிக்கொள்கிறது. இது அனுபவம் சார்ந்த வாதம். தேற்றம்போல் நிறுவ முடியாது. வடிவியல் முறையை விரும்பிய மெய்யியலாளரின் மிகச் சிறந்த அரசியல் வாதம் வடிவியலுக்கு அடங்காமல் நிற்கிறது.

அனுபவத்தைச் சான்றாகக் கொள்வதில் அவர் சறுக்கிய இடமும் உண்டு. 'அரசியல் ஆய்வுரை' மக்களாட்சி பற்றிய பகுதியின் தொடக்கத்திலேயே அவர் மரணத்தால் நின்றுபோயிற்று. கடைசியாக எழுதிய பத்திகளில், பெண்களை ஆட்சியுரிமையிலிருந்து விலக்குகிறார். எங்கும் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆண்டதாகக் காணவில்லை, ஆகவே பெண் இயல்பிலேயே சமமானவள் அல்லள் என்பது அவர் காட்டும் காரணம். விளைவைக் கண்டதும் அதன் காரணத்தைத் தேடு என்று வாழ்நாள் முழுவதும் சொன்னவர், இங்கே விளைவையே இயல்பு என்று எடுத்துக்கொண்டார். அவர் வாழ்ந்த நாட்டிலேயே அன்னா மரியா ஃபான் ஷூர்மான் பல மொழிகள் கற்ற அறிஞராகப் புகழ்பெற்றிருந்தார். உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு மறைப்புக்குப் பின்னால் இருந்துதான் அவர் விரிவுரைகளைக் கேட்க வேண்டியிருந்தது.

லத்தீன் என்ற வேலி

20-ஆம் அத்தியாயத்தில், பல சமயத்தாரும் இணங்கி வாழும் நகரம் என்று ஆம்ஸ்டர்டாமைப் புகழ்கிறார் ஸ்பினோசா. நூல் வெளிவந்தது 1670-இல். ஆசிரியர் பெயர் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் அச்சிடப்பட்ட நூலின் முகப்பில் ஹாம்பர்க் என்று பொய்யான ஊர்ப்பெயர் இருந்தது. பதிப்பாளர் பெயரும் பொய்.

காரணம் இருந்தது. ஸ்பினோசாவின் நண்பர் வட்டத்தைச் சேர்ந்த ஆட்ரியான் கூர்பாக், மருத்துவமும் சட்டமும் கற்றவர். சமயச் சொற்களின் மயக்கத்தைப் போக்க அகராதி வடிவில் ஒரு நூலை 1668-இல் வெளியிட்டார். தம் சொந்தப் பெயரில், டச்சு மொழியில். கற்றவர்கள் லத்தீனில் எழுதிக்கொண்டதை அதிகாரிகள் ஓரளவு பொறுத்துக்கொண்டார்கள். கடைத்தெருவில் உள்ளவரும் படிக்கும் மொழியில் எழுதியதைப் பொறுக்கவில்லை. ஆம்ஸ்டர்டாம் நகர நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டே சிறைப்பட்ட நிலையில் அவர் இறந்தார். ஸ்பினோசா ஆம்ஸ்டர்டாமைப் புகழ்ந்த பக்கங்களை இந்தச் செய்தியுடன் சேர்த்தே படிக்க வேண்டும். அவை நகரத்துக்குக் கொடுத்த சான்றிதழா, நகரத்தின் முன் வைத்த கோரிக்கையா என்ற கேள்வி எழும். கோரிக்கை என்று கொள்வதே பொருத்தம்.

1671 பெப்ரவரியில், தம் நூல் டச்சில் மொழிபெயர்க்கப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்ட ஸ்பினோசா, நண்பர் யாரிக் யெல்லஸுக்குக் கடிதம் எழுதி, அது அச்சாகாமல் தடுக்கும்படி கேட்டுக்கொண்டார். தடை வந்துவிடக்கூடாது என்பது அவர் கவலை. கோழைத்தனம் என்று இதை ஒதுக்குவது எளிது. கூர்பாக்கின் முடிவை அருகிலிருந்து கண்டவர் எச்சரிக்கையாக இருந்ததில் பிழை காண்பது கடினம். ஆயினும், ஒவ்வொருவரும் எண்ணியதைச் சொல்லலாம் என்று வாதிடும் நூலை, அந்த 'ஒவ்வொருவரும்' படிக்கும் மொழியில் வரவிடாமல் செய்தவர் நூலாசிரியரே என்பது மாறாது. நூலின் முன்னுரையிலும், பொதுமக்கள் இதைப் படிக்க வேண்டாம், தவறாகவே புரிந்துகொள்வார்கள் என்றுதான் சொல்லியிருந்தார். மக்களின் அச்சமும் மூடநம்பிக்கையும் அவர் கண்ணுக்கு ஒரு நோய்போலத் தெரிந்தன. அந்த நோய்க்கு மருந்தாக எழுதிய நூலை நோயாளியிடமிருந்து மறைத்துவைத்தார்.

எச்சரிக்கையும் பலன் தரவில்லை. 1674-இல் ஹாலந்து நீதிமன்றம், ஹாப்ஸின் 'லெவியத்தான்' முதலியவற்றுடன் சேர்த்து இந்நூலையும் தடைசெய்தது. 1673-இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி வந்தபோது, நிறுவப்பட்ட சமயத்துக்கு இடையூறு செய்யாத வரையில் சுதந்திரம் உண்டு என்ற நிபந்தனையைப் படித்து, அந்தச் சுதந்திரத்தின் எல்லை எதுவென்று தமக்குத் தெரியவில்லை என்று மறுத்துவிட்டார். 1675-இல் 'அறவியல்' நூலை அச்சிட ஆம்ஸ்டர்டாம் போனவர், அதற்குள் வதந்தி பரவியிருப்பதைக் கண்டு திரும்பிவிட்டார்.

1677 பெப்ரவரியில், நெடுநாள் நுரையீரல் நோய்க்குப்பின் 44 வயதில் இறந்தார். கையெழுத்துப்படிகள் பதிப்பாளர் ரியூவெர்ட்ஸிடம் போய்ச்சேர்ந்தன. நண்பர்கள் அவ்வாண்டு முடிவதற்குள் அவற்றைத் தொகுத்து, ஆசிரியர் பெயருக்கு மூன்று தலைப்பெழுத்துகளை மட்டும் இட்டு வெளியிட்டார்கள். லத்தீனில் ஒரு தொகுதி; கூடவே, அவருடைய அனுமதிக்குக் காத்திராமல், டச்சில் ஒரு தொகுதி. மறு ஆண்டு ஹாலந்து அரசு தடைவிதித்தது.